தொற்று நீக்கிய சேலை

இயேசு மரி சூசை

ராயபுரம், கல்மண்டபம்,
6-10-1963

அன்பு மகள் ஐரீனுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஆண்டவர் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அம்மாவுக்கு முழங்காலில் வீக்கம், எனக்கு வழக்கமான இருமல், வேறு குறை இல்லை. நீ அங்கே போர்ட் பிளேரில் சுகமாக இருப்பதாகவும் ஆஸ்பத்திரிச் சாப்பாடு இப்போது வாயில் வைக்கும்படி இருப்பதாகவும் எழுதியிருந்தாய், சந்தோஷம். கப்பல் புறப்படுகிற நாளை ஹார்பரில் விசாரித்து வந்து தம்பி ஸ்டானிஸ்லாஸ் சொன்னான், அதற்குள் இதை முடித்துத் தபாலில் போட வேண்டும் என்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடை லைசென்ஸ் விஷயம் என்ன ஆயிற்று, சுகாதார இலாகாவின் முத்திரைக்குச் சம்மதித்தீர்களா இல்லையா, சம்மதிக்காமல் லைசென்ஸை இழந்துவிடாதீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தாய். ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். அப்படி எழுதினால் நீயும் அந்த ஆபீஸ்காரர்களைப் போல நைனா பிடிவாதக்காரர் என்று சொல்லிக் கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய். சர்க்கார் சம்பளம் வாங்குகிற நர்ஸ் நீ, உனக்கு அந்தப் பக்கம்தான் முதலில் தெரியும். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன், முழுவதையும் படித்துவிட்டு உன் அபிப்பிராயத்தைச் சொல்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் பட்டணத்தில் வைசூரி படுத்திய பாடு உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தது. நம் கடையில் வாடகைக்கு விடுகிற கல்யாணத் துணி என்பது ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்குப் போகிற துணி, இந்த வாரம் ராயபுரத்தில் ஒரு மாப்பிள்ளை போட்ட கோட்டை அடுத்த வாரம் திருவொற்றியூரில் ஒரு மாப்பிள்ளை போடுகிறான், பெண்ணின் பட்டுச் சேலையும் தலைக்குப் போடும் நெட்டும் அப்படியே. அதைச் சர்க்கார் கவனிக்க வேண்டும் என்று சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன், எந்தக் காலத்திலும் பேசவில்லை. இன்ஸ்பெக்டர் முதல் தடவை வந்து எல்லாத் துணியையும் நீராவி மெஷினுக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னபோதுதான் சண்டை வந்தது. பட்டை ஆவியில் வைத்தால் அது பட்டாகத் திரும்பி வராது, சரிகை கறுத்துவிடும். அப்போது நீதான் எழுதினாய், பார்மலின் மருந்து வைத்த பெட்டிக்குள் துணியைத் தொங்கவிட்டு மூடி வைத்தால் போதும், பட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று. அதை இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன், அவர் மேலே கேட்டுச் சரி என்றார், நானும் பழைய தேக்கு பீரோவின் இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டி அடைத்துப் பெட்டி தயார் செய்தேன். மருந்து நெடி துணியை விட்டுப் போக வெளியே காயப்போட வேண்டியிருந்தது. கடையில் ஜமிக்கி தைக்கிற ரஹீமுன்னிசா, உனக்குத் தெரியுமே, பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லதுதான் அண்ணாத்தே, மாமியார் வூட்டுக்குப் போவும்போது சில பொண்ணுங்க அழுவாம நிக்குதுங்க, இனிமே ஒண்ணு பாக்கி இல்லாம அல்லாரும் அழுவும்" என்று சொல்லிச் சிரிப்பாள். ஆகவே மருந்து விஷயத்தில் எனக்கும் சர்க்காருக்கும் ஒரு பேதமும் இல்லை. பேதம் எல்லாம் முத்திரையில்தான்.

அந்த முத்திரையை நீ பார்த்ததில்லை. வட்டமானது, உள்ளங்கைக் குழி அளவு, ஊதா மை. மேல் வரியில் பெரிய எழுத்தாக "தொற்று" என்று இருக்கும், கீழ் வரியில் இடம் போதாமல் நெருக்கிய எழுத்தாக "நீக்கப்பட்டது" என்று இருக்கும். இன்ஸ்பெக்டரோடு வருகிற பியூன் நின்றபடி குனிந்து அழுத்துவதால் பாரம் முழுவதும் மேல் பாதியில் விழும், கீழ் பாதி பட்டின் வழவழப்பில் பட்டும் படாமல் போகும். மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்த ஒவ்வொரு துணியிலும் இரண்டு முனையிலும் இது இருக்க வேண்டும், இல்லாமல் ஒரு துணியை வாடகைக்குக் கொடுத்தால் லைசென்ஸ் ரத்து என்பது சட்டம். நான் ஹார்பரில் மூட்டைகளுக்கு மார்க்கு எழுதிய காலத்தில்தான் எழுத்துப் படித்தேன், பள்ளிக்கூடம் போகவில்லை, ஆனால் எந்தச் சொல் முதலில் கண்ணில் படுகிறதோ அதைத்தான் ஜனங்கள் படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். "தொற்று நீக்கப்பட்டது என்று வேண்டாம் சார், சுத்தம் என்று ஒரே சொல்லாகப் போட்டுவிடுங்கள், மை செலவும் மிச்சம்" என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் பெயர் வேதமாணிக்கம், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். "அண்ணாச்சி, நீங்க சொல்லுதது நியாயந்தான், ஆனா முத்திரையை நானா செஞ்சேன்? மேல இருந்து வந்தத நான் குத்துதேன், அம்புட்டுத்தான்" என்றார். நான் மனு எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். விதிப்படி உள்ள வாசகத்தை மாற்ற இயலாது என்று பதில் வந்தது. லைசென்ஸ் வேண்டுமே என்று குத்த விட்டேன். நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பாதி பதில், சம்மதித்தேன். மீதியைக் கேள்.

ஸ்டானிஸ்லாஸ் மகள் ரோஸ்மேரிக்குக் கல்யாணம் நிச்சயமானதை முன்பே எழுதியிருந்தேன். மாப்பிள்ளை விம்கோ நகரில் இருக்கிறான், தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை, செல்வநாதன் என்று பெயர், ஒழுங்கான பையன். ரோஸ்மேரிக்குச் சின்ன வயதில் அம்மை போட்டது உனக்கு நினைவிருக்கும், முகத்தில் தழும்பு அப்படியே நின்றுவிட்டது, அதனால் எத்தனையோ இடம் தட்டிப்போயிற்று. இந்தப் பையன் நேரில் வந்து பார்த்து, பேசி, சரி என்று சொன்னவன். ஆனால் வீட்டில் அவன் அத்தை சொல்வதுதான் சட்டம், தாய் தகப்பன் இல்லாத பையனை வளர்த்தவள். வாடகைச் சேலை மாப்பிள்ளை வீட்டுச் செலவாகையால் அவள்தான் கடைக்கு வந்து ஒரு வெள்ளைப் பட்டும் நெட்டும் பொறுக்கி வைத்துவிட்டுப் போனாள். அதை மருந்துப் பெட்டியில் வைத்து எடுத்து, முத்திரை குத்தி, மடித்து வைத்தோம். நம் கடையில் எப்போதும் மடித்த சேலையின் முந்தானை முனையில் பெண்ணின் பெயரெழுதிய சீட்டைக் குண்டூசியால் குத்தி வைப்பது வழக்கம், நீ கூடச் சின்ன வயதில் எழுதிக் கொடுத்திருக்கிறாய். சீட்டை நான் எழுதினேன், ரஹீமுன்னிசா குத்தினாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, வழக்கமான முனையில் வழக்கமான இடத்தில் குத்தினாள், அவள்மேல் குற்றம் இல்லை. அந்த இடத்தில் இப்போது முத்திரை இருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் அந்த அத்தை சேலையை எடுத்துப் போக வந்தாள், ஸ்டானிஸ்லாசும் கூட வந்து வாசலில் நின்றான். பொட்டலத்தைப் பிரித்ததும் முந்தானை மேலே வந்தது. மேலே "தொற்று". கீழ் வரி இருக்க வேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டு, என் கையெழுத்தில், "ரோஸ்மேரி".

அந்த அத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள், இன்னொரு தடவை படித்தாள். பிறகு ஸ்டானிஸ்லாஸ் பக்கம் திரும்பி, "மூஞ்சில எழுதிக்கீறது பத்தாதுன்னு முந்தானையிலயும் எழுதி வச்சிக்கீறீங்களா?" என்று கேட்டாள். நான் சீட்டைப் பிடுங்கிவிட்டு, கீழே இன்னும் ஒரு வரி இருக்கிறது பாருங்கள், தொற்று நீக்கப்பட்டது, எல்லாத் துணியிலும் இருக்கிறது, சர்க்கார் முத்திரை என்று சொன்னேன். அந்த வரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் தெரிகிற அளவுக்கு மங்கலாக இருந்தது. "பூந்து பூந்து படிக்கறதுக்கு நான் இன்னா டீச்சரா? சர்க்காரே எழுதிக் குடுத்துட்ச்சின்றே, அப்ப இந்தப் பொண்ணுக்கு இன்னும் இன்னாவோ கீது. நீங்க மறைச்சிட்டீங்க, சர்க்கார் மறைக்கல" என்றாள். மற்றச் சேலைகளை எடுத்துப் போட்டேன், அவற்றைக் கையால் தொட மாட்டேன் என்றாள். "டாக்டராண்ட காட்டி நல்லா கீதுன்னு எழுதி வாங்கினு வாங்க, அப்பால தை மாசம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் கோயிலில் கல்யாணம். ஸ்டானிஸ்லாஸ் கடைப் படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான், அதைக் குடிக்கவும் இல்லை.

ரஹீமுன்னிசா உடனே ஒரு வழி சொன்னாள், முத்திரையின்மேல் அடர்த்தியாக ஜமிக்கி வைத்துப் பூவாகத் தைத்துவிடலாம், சாயங்காலத்துக்குள் முடியும் என்று. அவளால் முடியும்தான். இதே யோசனையை வேதமாணிக்கமும் முன்பு ஒரு தடவை பாதி சிரிப்பாகச் சொல்லியிருந்தார், "ஒரு பூவத் தச்சி விட்டா எவன் பாக்கப் போறான் அண்ணாச்சி" என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. சர்க்கார் முத்திரையை மூடுவது குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் சுத்தமாக வைத்திருக்கிற சேலையை எதற்காக ஒளித்துக் கொடுக்க வேண்டும்? ஒளித்தால் அந்த அம்மாள் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். என்றாவது ஒரு ஜமிக்கி உதிர்ந்து கீழே அந்தச் சொல் தெரிந்தால் அந்தப் பெண் அந்த வீட்டில் என்ன பாடுபடுவாள் என்பதையும் நினைத்தேன். முத்திரை இல்லாத சேலையை வாடகைக்குக் கொடுக்க முடியாது. முத்திரை உள்ள சேலையை அவர்கள் வாங்க மாட்டார்கள். வாடகைக்கு விடாத சேலைக்கு முத்திரை வேண்டியதில்லை என்று அதே சட்டத்தில் இருக்கிறது, நான் அதை வரி வரியாகப் படித்திருக்கிறேன். அப்படி ஒரு சேலை நம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நீ நர்ஸ் படிப்பு முடித்த வருஷம் உன் கல்யாணத்துக்கென்று காஞ்சிபுரத்திலிருந்து நான் வாங்கி வந்து, உன் அம்மா பச்சைப் பெட்டியில் வைத்திருந்த வெள்ளைப் பட்டு. நேராக வீட்டுக்குப் போய் அதை எடுத்தேன். அம்மா பெட்டிமேல் கை வைத்து, "அது ஐரீன்து" என்றாள். தெரியும் என்றேன். "அவள ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள். கப்பல் போய் வருவதற்குள் கல்யாணம் நின்றுவிடும் என்றேன். அவள் கையை எடுத்துவிட்டாள், அதற்குப் பிறகு பல நாள் என்னிடம் சோற்றைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

நானே பஸ் ஏறி விம்கோ நகர் போனேன். செல்வநாதன் வேலையிலிருந்து வந்து, விஷயம் கேட்டு, அத்தையோடு வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தான். "நான் பாத்துதான ஒத்துக்கினேன், எனுக்குத் தெரியாததா முந்தானைல எழுதிக்கீது?" என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தது தெருவுக்கே கேட்டது. நான் சேலையைப் பாயில் வைத்து, இது வாடகைச் சேலை இல்லை, என் மகளுடையது, யாரும் கட்டாதது, ரோஸ்மேரிக்கு நான் கொடுக்கிறேன், அவளுக்கே சொந்தம் என்று சொன்னேன். அந்த அம்மாள் சேலையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் விரித்து, இரண்டு பக்கமும் புரட்டி, எங்காவது எழுத்து இருக்கிறதா என்று பார்த்தாள். அவ்வளவு நேரமும் என்னை உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. எழுத்து எதுவும் இல்லை என்று கண்டதும், "இத்த மொதல்லயே குடுக்கறதுக்கு இன்னா?" என்றாள். கல்யாணம் மறுநாள் காலையில் நல்லபடியாக நடந்தது. ரோஸ்மேரி அந்தச் சேலையில் நன்றாக இருந்தாள். உன் அம்மாவும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள், என்னோடு பேசாமல்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அடுத்த சனிக்கிழமை வேதமாணிக்கம் பியூனோடு மாதச் சோதனைக்குக் கடையில் வந்து உட்கார்ந்திருந்தார். அப்போது ரோஸ்மேரி புருஷனோடு வந்தாள், கையில் தாம்பூலம், வாழைப்பழம், ஒரு துணிப்பை. நம் கடையில் சேலை திருப்பித் தருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் வருவார்கள். பையிலிருந்து உன் சேலையை எடுத்து நீட்டினாள். ஐரீன் அக்கா சேலையை நாம் வைத்துக்கொள்வது முறையில்லை, அவள் கல்யாணத்துக்கு வேண்டும் என்று ஸ்டானிஸ்லாஸ் மனைவி சொல்லி அனுப்பியிருக்கிறாள். சொந்தம் என்று நான் சொன்னதை அவர்கள் மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு என்ன தோன்றும்? வாங்கினால் அது கொடுத்து வாங்கிய சேலை ஆகிவிடும், முத்திரையில்லாமல் வாடகைக்கு விட்டதாக ஆகிவிடும், இரண்டடி தூரத்தில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்கிறார். வேண்டாம், எடுத்துக்கொண்டு போ, நான் தொட மாட்டேன் என்று சொன்னேன். என் பேச்சு எப்படி என்பது உனக்குத் தெரியும், இனிப்பாகச் சொல்ல எனக்கு வராது. அந்தப் பெண் நீட்டிய கையை மடக்கவில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நான் கட்னதாலயா பெரீப்பா?" என்று கேட்டாள். பிறகு, "மருந்துத் தண்ணி ஊத்தி அலசிட்டுதான் எடுத்தாந்தேன். மோந்து பாரு" என்றாள்.

பட்டுச் சேலையை டெட்டால் ஊற்றி அலசியிருக்கிறாள் ஐரீன். நான் தாம்பூலத்தை வாங்கினேன், பிறகு சேலையை இரண்டு கையாலும் வாங்கினேன். திரும்பி வருகிற சேலையை வாடிக்கைக்காரர் முன்னாலேயே பிரித்துக் கறை பார்ப்பது கடை வழக்கம், அதைச் செய்யவில்லை, மடித்தபடியே தோளில் போட்டுக்கொண்டு அவர்களை உள்ளே உட்காரச் சொல்லி, ரஹீமுன்னிசாவை டீ வாங்கி வரச் சொன்னேன். இந்த இடத்தில் வேறு ஏதாவது செய்திருக்கலாம் என்று நீ எழுதுவாய். என்ன செய்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை, தெரிந்தால் எழுது.

அவர்கள் போன பிறகு வேதமாணிக்கம் பியூனைப் பார்த்தார், பியூன் என்னைப் பார்த்தான். "இவன் இல்லேன்னா நான் கண்ண மூடிட்டுப் போயிருப்பேன் அண்ணாச்சி, இப்ப எழுதித்தான் ஆவணும்" என்றார். எழுதுங்கள் என்றேன். ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள், போனேன். மேலதிகாரி ஒரு டாக்டர், மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். சேலையை இனாமாகக் கொடுத்தது உண்மை என்று வேதமாணிக்கமே எனக்காகப் பேசினார். அப்படியானால் ஏன் திரும்ப வாங்கினார் என்று டாக்டர் கேட்டார். அது நியாயமான கேள்வி. வேதமாணிக்கம் முன்கூட்டியே ஒரு காகிதத்தில் ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தார், அதில் கையெழுத்துப் போட்டால் லைசென்ஸுக்கு ஒன்றும் வராது, எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். நல்லெண்ணத்தோடு எழுதியதுதான். "மேற்படி பெண் உடுத்திய சேலையைத் தொற்று நீக்கம் செய்யும் பொருட்டு மட்டுமே பெற்றுக்கொண்டேன்" என்று இருந்தது. நான் அதை இரண்டு தடவை படித்தேன். யாருடைய தொற்று என்று கேட்டேன். டாக்டருக்குப் புரியவில்லை. எந்தத் தொற்றை நீக்குவதற்காக வாங்கினேன், அது யாரிடம் இருந்தது என்று கேட்டேன். அது வெறும் சட்ட வாசகம், யாரையும் குறிக்காது என்றார். மேற்படி பெண் என்று குறித்திருக்கிறதே என்றேன். சரி, சுத்தம் செய்ய என்று மாற்றிக்கொடுங்கள், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். தொற்று நீக்க வாங்கிய துணி வாடகைத் துணி ஆகாது என்றுதான் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, சுத்தம் என்ற சொல்லுக்கு விலக்கு இல்லை என்றார். வேதமாணிக்கம் என் காதருகே குனிந்து, "ஒத்த வரி அண்ணாச்சி, பைலுக்குள்ள போயிரும், ஒரு குருவிக்குக்கூடத் தெரியாது. கடையக் காப்பாத்திக்கிடுங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் பேனாவை வாங்கி, அவர் வாக்கியத்தை அடித்துவிட்டு, கீழே என் கையெழுத்தில், "சேலை என் மகளுடையது. கொடுத்தேன். திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டாக்டர் படித்துவிட்டு, இதை வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடியாதே என்றார். தெரியும் என்றேன்.

ஆக, முத்திரைக்குச் சம்மதித்தேன், லைசென்ஸ் போயிற்று. இரண்டும் உண்மை. போன திங்கட்கிழமை ஆர்டர் வந்தது, ஒரு வருஷம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருக்கிறது, விண்ணப்பிப்பேன், சுத்தம் என்ற சொல்லுக்கும் அதோடு ஒரு மனு வைப்பேன். ஏற்கெனவே முன்பதிவு செய்தவர்களைப் பார்த்து, துணி கிடைக்காது என்று நானே வீடுவீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன், சிலர் ஏசினார்கள், கேட்டுக்கொண்டேன். ரஹீமுன்னிசாவுக்கு வண்ணாரப்பேட்டையில் ஒரு ரெடிமேட் கடையில் பட்டன் தைக்கிற வேலை பேசி வைத்திருக்கிறேன், "பட்டனுக்கும் முத்திர குத்துவாங்களா அண்ணாத்தே, இப்பவே கேட்டு வச்சிக்கறேன்" என்றாள். எனக்கு ஹார்பரில் பழையபடி மூட்டைக்கு மார்க்கு எழுதுகிற வேலை கிடைக்குமா என்று ஸ்டானிஸ்லாஸ் விசாரிக்கிறான். ஆபீசில் நடந்தது அவனுக்குத் தெரியாது, ஏதோ முத்திரைத் தகராறு என்று நினைக்கிறான், அப்படியே இருக்கட்டும், நீயும் ரோஸ்மேரிக்குக் கடிதம் போட்டால் வாழ்த்தை மட்டும் எழுது. அவள் அந்த வீட்டில் நன்றாக இருக்கிறாள், அத்தையே அவளைக் கூட்டிக்கொண்டு மீன் வாங்க எண்ணூருக்குப் போகிறாளாம்.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சேலை வீட்டுக்கு வந்துவிட்டது, டெட்டால் வாசனை இன்னும் போகவில்லை, ஓரத்தில் பட்டு கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. அதைக் கேட்காமல் எடுத்தது நான்தான், அதற்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, இன்னொரு தடவை அப்படி நேர்ந்தாலும் எடுப்பேன். ஆனால் ரோஸ்மேரி கட்டிய சேலையைக் கட்ட உனக்கு மனமிருக்கிறதா இல்லையா என்பதை நீதான் சொல்ல வேண்டும். நீ வைசூரி வார்டில் வேலை பார்க்கிறவள், உனக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. மனமில்லை என்றாலும் ஒளிக்காமல் எழுது, வேறு வாங்குவதற்கு வழி பார்க்கிறேன். அம்மாவும் ஒன்று எழுதச் சொல்கிறாள், அவளுக்காக அதைச் சேர்க்கிறேன், வருகிற கிறிஸ்துமஸுக்காவது லீவு கேள், கப்பலில் இடம் கிடைக்காவிட்டால் முன்கூட்டியே தெரியப்படுத்து, அவள் அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்டுவிட்டு வழி பார்த்துக்கொண்டிருப்பாள்.

அங்கே மழைக்காலம் நீளம் என்கிறாய், கால் நனைந்தபடி வார்டில் நிற்காதே. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. மற்றவர்களுக்கு அம்மை குத்துகிற வேலையில் உனக்குக் குத்திக்கொள்ள மறந்துவிடாதே, போன தடவை எப்போது குத்திக்கொண்டாய் என்பதை எழுது, அம்மா கேட்கிறாள், நானும் கேட்கிறேன். ஞாயிறு பூசையை விடாதே. மேலதிகாரிகளிடம் என்னைப் போல் பேசாதே, ஆனால் எதில் கையெழுத்துப் போடச் சொன்னாலும் முழுவதும் படித்துவிட்டுப் போடு. ஆண்டவரும் மாதாவும் உன் கையையும் காலையும் காத்து, நீ தொடுகிற நோயாளிகளைச் சுகப்படுத்தி, உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும் என்று நானும் அம்மாவும் தினமும் ஜெபிக்கிறோம்.

மறக்காமல் ஒன்று. இத்தனை நாள் கடை விலாசத்துக்கே எழுதிவந்தாய், பகலில் நான் அங்கேதான் இருப்பேன், கடிதத்தை முதலில் நான் படிக்க வேண்டும் என்று நான்தான் அப்படி எழுதச் சொல்லியிருந்தேன். இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுது. தபால்காரரிடமும் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் நன்மையைக் கோரும் நைனா,
சூ. அருள்நாதன்